வாசகர் கேள்வி பதில்: கைப்பேசிப் பேட்டரியும் நம் ஊர் வெயிலும்

மாங்காய் அறுவடை தொடங்கியதிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலர் ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் எழுதி வருகிறார்கள்: போனில் சார்ஜ் நிற்பதில்லை. அக்கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு இவ்விதழில் பதில் தருகிறேன்.

*ஐயா, ஒன்றரை ஆண்டுக்கு முன் வாங்கிய என் போனின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது. முதலில் இரண்டு நாள் தாங்கியது. இப்போது பகல் இரண்டு மணிக்கே 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. தோப்பில் இருக்கும்போது மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டு வைப்பது வழக்கம். அடிக்கடி சார்ஜ் போட்டதால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்கிறார் கடைக்காரர். உண்மையா?*
— மா விவசாயி, காவேரிப்பட்டணம்

பேட்டரி தேய்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னது சரி. அதற்கு அவர் காட்டிய காரணம் சரியில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் 'மோட்டார் ரூம்' என்ற சொல்தான். தகரக் கூரை போட்ட அப்படிப்பட்ட அறைக்குள் சித்திரை மாத நண்பகலில் நின்றிருக்கிறேன். கதவின் கொண்டியைத் தொட முடியவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில், தடித்த ரப்பர் கவருக்குள், சார்ஜ் ஏறிக்கொண்டே ஒரு போன் கிடந்தது. எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் கைப்பிடியைப் பிடித்தது போல் இருந்தது.

இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதற்குள் ஒரு பக்கம் கிராஃபைட்டும் மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடும் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிராஃபைட்டுக்குள் போய்த் தங்குகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அவை கடந்து செல்லும் திரவம் கிராஃபைட்டின் மேல் சிதைந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் பேட்டரிக்குத் தேவைதான். ஆனால் சூடு கூடக்கூட அது தடிக்கிறது. தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட லித்தியம் மறுபடி வேலைக்கு வருவதில்லை. பேட்டரி நிறைந்திருக்கும் நேரத்தில் அதன் மின்னழுத்தமும் உச்சத்தில் இருப்பதால் இச்சிதைவு இன்னும் விரைவாக நடக்கிறது. முழுச் சார்ஜும் கடும் வெப்பமும் ஒன்றுசேர்வதுதான் பேட்டரிக்கு நேரக்கூடிய பெரிய கேடு, அவ்விரண்டும் சேரும் இடம்தான் உங்கள் மோட்டார் ரூம்.

மின்கலத் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணையின்படி, லித்தியம் அயான் பேட்டரியை முழுச் சார்ஜோடு 40 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்திருந்தால், பயன்படுத்தாமலேயே அதன் கொள்ளளவு ஏறத்தாழ 65 சதவீதமாக இறங்கிவிடும். அதே பேட்டரியை 40 சதவீதச் சார்ஜோடு 25 டிகிரியில் வைத்திருந்தால் ஏறத்தாழ 96 சதவீதம் மிஞ்சும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. நம் பகுதியில் கோடைப் பகலில் மரநிழலே 35 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையின் கீழ் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சார்ஜ் போடும் வேலையை விடியற்காலையிலோ இரவிலோ வீட்டில் முடித்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்புங்கள். பகலில் போட்டே தீர வேண்டும் என்றால் கவரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான நிழலில், திண்ணையிலோ மரத்தடியிலோ வைத்து, 70 அல்லது 80 சதவீதம் ஆனதும் எடுத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது வீடியோ பார்ப்பதையும் நீண்ட நேரம் பேசுவதையும் தவிர்த்தால் சூடு பெருமளவு குறையும். டிராக்டர் பானட், பைக் டேங்க் மேலுள்ள பை, காரின் முன்கண்ணாடி ஓரம் ஆகியவை போன் வைக்கத் தகாத இடங்கள். சூடான போனைக் குளிர்விக்கிறேன் என்று ஃபிரிட்ஜுக்குள்ளோ ஈரத் துணியிலோ வைத்துவிடாதீர்கள். உள்ளே நீர்த்துளி கோத்துக்கொண்டால் பேட்டரியோடு போனும் போய்விடும். தேய்ந்த கொள்ளளவு திரும்பாது என்பதால் இந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டியிருக்கும். அடுத்த பேட்டரியாவது நெடுநாள் இருக்கட்டும்.

*பேட்டரியைச் சுத்தமாக 0 வரை தீர்த்துவிட்டு, பிறகு 100 வரை ஏற்ற வேண்டும் என்று என் பழைய போன் காலத்தில் சொன்னார்கள். இன்றும் அப்படியே செய்து வருகிறேன். இரவு முழுவதும் சார்ஜில் விட்டால் வெடிக்கும் என்று பேரன் பயமுறுத்துகிறான்.*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

ஐயா, தங்களுக்குச் சொல்லப்பட்ட முறை நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு உரியது. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தப் பாதியையே தன் முழு அளவாகக் கொண்டுவிடும் குணம் அதற்கு உண்டு. சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு அந்தக் குணம் இல்லை. இந்தப் பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பேட்டரி மாறிவிட்டது, பழைய அறிவுரை மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. லித்தியம் பேட்டரியை அடியோடு தீர்ப்பது அதற்குத் துன்பமே தருகிறது. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமலும் 80 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி ஏற்றாமலும் பார்த்துக்கொள்வது நல்லது.

'சுற்று' என்ற கணக்கையும் இங்கே விளக்கிவிடுகிறேன். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. பிளக்கைச் செருகும் எண்ணிக்கை கணக்கில் வராது. ஐபோன் 14 வரையிலான போன்கள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 வகைப் போன்கள் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் நாட்டில் வாங்குபவருக்கும் இப்படி ஓர் உறுதி கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரவுச் சார்ஜ் பற்றிப் பேரனிடம் அமைதியாகச் சொல்லுங்கள்: பேட்டரி நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் விடியும்வரை நூறிலேயே நிற்பது ஆயுளைக் குறைக்கும் என்பதால், செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியைத் திறந்து, 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்துச் சார்ஜ் போடுவதைத்தான் அவசியம் நிறுத்த வேண்டும்.

*எனக்கு அஞ்செட்டி அருகே ஒரு மலைக் கிராமத்தில் பணி. காலையில் முழுச் சார்ஜோடு போனாலும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. விடுமுறைக்கு ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போனால் அதே போன் மறுநாள் வரை நிற்கிறது. போனில் கோளாறா?*
— அங்கன்வாடிப் பணியாளர்

போனில் கோளாறு இல்லை. டவர்தான் தொலைவில் இருக்கிறது. டவர் அருகில் இருக்கும்போது போன் மிகச் சிறிய திறனில் பேசினாலே போதும். மலையும் காடும் குறுக்கே நின்றால், எட்டாத ஆளைக் கூவி அழைப்பதைப் போல, அது தன் உச்சத் திறனுக்குப் போக வேண்டியிருக்கிறது. 4ஜி போனின் உச்ச ஒலிபரப்புத் திறன் பொதுவாக ஏறத்தாழ 200 மில்லி வாட். அதை வெளியே அனுப்ப உள்ளே செலவாகும் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு. சிக்னல் அடியோடு அறுந்த இடத்தில் போன் மீண்டும் மீண்டும் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் போனைத் தொடாமல் பையில் வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்குவது இதனால்தான்.

சிக்னல் இல்லாத வழிகளில் நடக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஊர் வந்ததும் எடுத்துவிடுங்கள். 5ஜி எட்டாத பகுதியில் நெட்வொர்க் அமைப்பை 4ஜிக்கு மாற்றி வைத்தால் வீண் தேடல் குறையும். இரண்டாவது சிம் அங்கே எடுபடாது என்றால் அதைத் தற்காலிகமாக அணைத்துவிடலாம். குழந்தைகளின் எடை, உயர விவரங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஓரிடத்தில் அமர்ந்து செயலியில் மொத்தமாக ஏற்றுவது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி நிற்பதைவிட மிகவும் சிக்கனமானது. மேலதிகாரிகள் இதற்கு இடம் தர வேண்டும்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் ஒரு விவரம்: 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட பவர் பேங்க், 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை இரண்டு முறை நிரப்பாது. அந்த எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாறி வெளியே வரும்போது இழப்பும் சேர்ந்து 6000 முதல் 6500 வரைதான் கிடைக்கும். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

*திரையைக் கறுப்பாக வைத்தால் சார்ஜ் மிச்சமாகுமா? பின்னணியில் ஓடும் செயலிகளை நான் அடிக்கடி தள்ளி மூடுவது சரியா?*
— கல்லூரி மாணவி, தருமபுரி

ஓலெட் திரையாக இருந்தால் மிச்சமாகும். அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள். எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் பெரிய பயன் இல்லை. இரண்டிலுமே வெளிச்சத்தைக் குறைப்பதுதான் கண்கூடாகப் பலன் தரும். செயலிகளைத் தள்ளி மூடுவது பெரும்பாலும் வீண் வேலை, ஏனெனில் மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதல் மின்சாரம் செலவாகும். பேட்டரிப் பகுதியில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும்; அதன் உச்சியில், நீங்கள் அதிகம் பயன்படுத்தாத செயலி ஏதேனும் நின்றால், அதன் பின்னணி இயக்கத்தையும் இருப்பிட அனுமதியையும் மட்டும் நிறுத்துங்கள்.

*தினமும் போன் சார்ஜ் போடுவதால் கரண்ட் பில் ஏறுமா?*
— வாசகி, பென்னாகரம்

ஏறாது. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட் மணிதான்; இழப்பையும் சேர்த்து நாள்தோறும் முழுமையாக ஏற்றினாலும் ஆண்டுக்குப் பத்து யூனிட்டைத் தாண்டாது.

*மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன். ஏழு மாதத்தில் போனின் பின்மூடி ஒரு பக்கம் நகக்கண் அளவுக்கு மேலே எழும்பி நிற்கிறது. சார்ஜ் நன்றாகத்தான் நிற்கிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?*
— வேன் ஓட்டுநர், ஊத்தங்கரை

பயன்படுத்தவே கூடாது, இதைப் படித்தவுடன் போனை அணைத்துவிடுங்கள், இனிச் சார்ஜில் போடாதீர்கள். உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகிப் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் நிற்கிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மூடியை அழுத்தி ஒட்டுவதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் நெருப்பை அழைக்கும் செயல்கள். வேனுக்குள் வைக்காமல், தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத நிழலான இடத்தில், மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, விரைவில் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் ஒப்படையுங்கள். கொண்டுபோகும்போதும் அந்தச் சட்டியோடே கொண்டுபோங்கள்.

புதிய பேட்டரி வாங்கும்போது அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால் துன்பப்படுபவர் தூய்மைப் பணியாளர். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீதே சுமத்துகின்றன. ஆகவே பேட்டரி மாற்றும் இடத்திலேயே பழையதையும் எடுத்துக்கொள்ளும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.