மழை இரவில் சிறிய விமானம் விழுவது ஏன்? கேள்வி பதில்

மழை இரவில் தரையிறங்க வந்த சிறிய விமானம் விழுந்து, அதில் இருந்தவர்கள் இறந்த செய்தியைப் படித்துவிட்டுப் பலர் கேட்டவை இவை. விசாரணை முடியும்முன் அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். இத்தகைய விபத்துகள் எப்படி நடக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஓடுபாதை விளக்குகள் தெரிந்தும் எப்படி முன்னாலேயே விழுகிறது?

பதில்: ஓடுபாதைக்கு முன்னால் கடலோ காடோ இருந்தால் இரவில் அங்கே ஒரு வெளிச்சமும் இருக்காது. இருட்டில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரியும்போது, நிஜத்தைவிட உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். கண்ணாடியில் வழியும் மழைநீர் ஒளியை வளைத்து அந்தப் பிரமையைக் கூட்டும். உயரம் அதிகம் என்று நம்பி இன்னும் இறக்குவார். மரத்திலோ மேட்டிலோ மோதிவிடும்.

இதற்காகவே பல ஓடுபாதைகளின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் விமானம் சரியான சரிவில் இறங்குகிறது, பெரும்பாலும் 3 டிகிரி. நான்கும் சிவப்பென்றால் மிகத் தாழ்வு. கண் என்ன சொன்னாலும் இவற்றையும் உயரமானியையும்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: ஓடுபாதையே தெரியவில்லை என்றால்?

பதில்: குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது, மேலே ஏறிவிட வேண்டும். தைவானின் மகோங்கில் 2014 ஜூலை 23 அன்று மாலை, புயல் மழையில் இறங்கிய ஏடிஆர் 72 என்ற பயணிகள் விமானத்துக்கு அந்த எல்லை 330 அடி. ஓடுபாதை தெரியாமலே அதற்கும் கீழே இறங்கினார்கள். மேலே ஏற முடிவெடுத்தபோது காலம் கடந்திருந்தது. 58 பேரில் 48 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அதில் இரண்டு விமானிகள். சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஓட்டுவார், ரேடியோவில் பேசுவார், வரைபடமும் பார்ப்பார்.

இருட்டில் மேலே ஏறுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. திடீரென வேகம் கூடும்போது விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்குவதாக உட்காதுக்குத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தி, நல்ல விமானத்தைத் தரையில் மோதியவர்கள் உண்டு.

கேள்வி: என்ஜின் நின்றிருக்குமோ?

பதில்: இருக்கலாம். கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள என்ஜினில், ஈரக்காற்றில் பவரைக் குறைத்து இறங்கும்போது அதனுள்ளே ஐஸ் படிந்து காற்று போகும் வழியை அடைக்கும். வெளியே 20 டிகிரி வெப்பம் இருந்தாலும் இது நடக்கும்.

கேள்வி: கருப்புப் பெட்டி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: பல சிறிய விமானங்களில் அது கிடையாதுதான். ஆனால் உடைந்த பாகங்களே நிறையச் சொல்லும். புரொப்பெல்லர் இதழ்கள் முறுக்கி வளைந்திருந்தால், மோதும்போது என்ஜின் சுழன்றுகொண்டிருந்தது என்று பொருள். எச்சரிக்கை பல்பின் இழை நீண்டு இழுபட்டிருந்தால், அந்த நொடியில் அது எரிந்திருக்கிறது. சூடான இழைதான் அப்படி நீளும். முதற்கட்ட அறிக்கை 30 நாளில் வர வேண்டும் என்பது சர்வதேச விதி. இறுதி அறிக்கைக்கு ஒரு வருடம் இலக்கு, அதையும் தாண்டிப் போவதுண்டு.