தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவினைப் பட்டறை நடத்தப் போகிறேன். என்ன செய்ய வைக்கலாம், என்னென்ன வாங்க வேண்டும்?

உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ஒரு சனிக்கிழமை பட்டறை வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். "சுலபமா, பார்க்க அழகா வர்ற மாதிரி பத்து ஐட்டம் சொல்லுங்க" என்றும், எவ்வளவு நேரம், என்ன செலவு, பரிசு சான்றிதழ் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டப் பள்ளிகளில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பத்து வேண்டாம், ஒன்று அல்லது இரண்டு போதும். அழகாக வர வேண்டும் என்பதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பட்டறை முடிந்ததும் மேசை மேல் இருக்கும் நாற்பது பொருளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அங்கே யோசித்த ஆள் நீங்கள் ஒருவர்தான். பிள்ளைகள் உங்களுக்கு எடுபிடி வேலை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காகப் பொருட்களைக் கொட்டிவிட்டு "உங்க இஷ்டத்துக்குச் செய்யுங்க" என்று ஓரமாக நின்றாலும் வேலைக்கு ஆகாது. பாதிப் பேர் சார்ட் பேப்பரில் வீடு, மலை, நடுவில் சூரியன் வரைந்து ஒட்டுவார்கள். மீதிப் பேர் பசையைக் கையில் தடவிக் காயவைத்து உரித்துக்கொண்டிருப்பார்கள் (அதுவும் சுகம்தான், இல்லை என்று சொல்லவில்லை).

நான் செய்வது இது. முதல் பாதியில் கைக்கு ஒரு வித்தை. அதை எல்லோரும் ஒரே மாதிரி, என்னைப் பார்த்தே செய்யலாம். இரண்டாம் பாதியில் ஒரு தேவை. அதற்கு மாதிரி எதுவும் காட்டுவதில்லை. மாதிரியை மேசை மேல் வைத்த நிமிடத்திலேயே பிள்ளைகளின் கேள்வி "என்ன செய்யலாம்?" என்பதிலிருந்து "இதே மாதிரி வந்துடுச்சா அண்ணா?" என்று மாறிவிடும்.

எனக்குப் பிடித்த வித்தை தினத்தாள் குழல். பழைய பேப்பரின் ஒரு தாளை விரித்து, ஒரு மூலையில் சைக்கிள் போக்ஸ் கம்பியை வைத்து, குறுக்காக இறுக்கி உருட்ட வேண்டும். கடைசி மூலையில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. கம்பியை உருவிவிட்டால் முழங்கையை விட நீளமான குழல் வந்துவிடும். லூசாக உருட்டினால் நடுவில் மடங்கும், இறுக்கமாக உருட்டினால் நிற்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் குழல் நெளிந்துதான் வரும். நான்காவது ஐந்தாவதில் விரலுக்குப் பிடிபட்டுவிடும். நீங்கள் போய்த் திருத்தவே வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் குழலைப் பார்த்தே திருத்திக்கொள்வார்கள்.

நாலு குழல் ஆனதும் முனைகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் அது நிற்காது, ஒரு பக்கம் சாய்ந்து பட்டம் போல ஆகிவிடும். "இது ஆடாம நிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டமான பகுதி. கூட இருக்கும் ஆசிரியரின் வாயையும் சேர்த்து மூட வேண்டும். ஒரு குழு முடிச்சை இன்னும் இறுக்கும். ஒரு குழு மூலையில் பசையைக் கொட்டும். ஒரு குழு எல்லாக் குழலையும் இரட்டையாக்கும். எங்கோ ஓர் இடத்தில் யாராவது ஐந்தாவது குழலை மூலைக்கு மூலை குறுக்கே கட்டுவார்கள். "அண்ணா, இப்ப ஆட மாட்டேங்குது!" என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். காப்பியடிக்கட்டும், தடுக்காதீர்கள். அப்புறம் வெளியே கூட்டிப்போய் மின்கோபுரத்தையோ பள்ளிச் சைக்கிள் கொட்டகையின் கூரையையோ காட்டுங்கள். முக்கோணங்களை அவர்களே எண்ண ஆரம்பிப்பார்கள்.

பிறகுதான் தேவை. இரண்டு பெஞ்சுகளை இரண்டடி தள்ளிப் போட்டு, நடுவில் ஒரு டிபன் பாக்ஸைத் தாங்கும் பாலம் கட்டச் சொல்லலாம். காலி டிபன் பாக்ஸ் இல்லை, சாப்பாட்டோடு. தன் சாப்பாடே விழுந்துவிடும் என்றால் வரும் கவனம் தனி.

இதே முக்கோண விஷயத்தைத் தீக்குச்சியில் செய்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் 1975இல் பட்டம் பெற்ற பொறியாளர். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை பார்க்கப் போனபோது, சைக்கிள் வால்வு டியூபை (மெல்லிய ரப்பர் குழாய்) துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகி உருவங்கள் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய செய்முறைகள் படங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஐட்டம் கட்டாயம் வேண்டும் என்றால் அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள், நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. பிள்ளை வீட்டுக்குப் போய், நாம் இல்லாமல், காசு இல்லாமல் அதை மறுபடி செய்ய முடிய வேண்டும். கிட் வாங்கி நடத்தும் பட்டறைகளில் இது நடக்காது. பெட்டி காலியானதும் விளையாட்டும் முடிந்தது.

தேவைக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் பாலம் கடைசியில் ஒரு போட்டியாகத்தான் முடியும். நாலாம் வகுப்பு ஒன்றில் முதல் நாளே வீட்டுவேலை கொடுத்தோம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ மூக்குக்கண்ணாடி போட்டால், அதைக் கழற்றி எங்கே வைக்கிறார்கள், எப்போது தொலைகிறது என்று கேட்டுவர வேண்டும். அப்படி யாரும் வீட்டில் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்கலாம். மறுநாள் வந்த பதில்களை ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்: தலையணைக்கு அடியில், டிவி மேல், நியூஸ் பேப்பருக்குள், கோவிலில், நெற்றி மேலேயே. இந்தப் பட்டியலுக்கே வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு, "உங்க தாத்தா கண்ணாடி தொலையாம இருக்க ஏதாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அட்டை, துண்டுத்துணி, சணல், துணி கிளிப், வால்வு டியூப் எல்லாவற்றையும் நடுவில் வைத்தோம்.

அட்டைப் பெட்டிகள் நிறைய வந்தன, ஜிகினா ஒட்டி. ஒரு பெண் கட்டில் கம்பியில் தொங்கும் துணிப்பை தைத்தாள். ஒரு பையன் மட்டும் மேசையில் ஒன்றும் வைக்கவில்லை. கையில் ஒரு நூல், இரண்டு முனையிலும் வால்வு டியூப் துண்டு. அவனுடைய தாத்தா லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறவர். குனியும்போது சட்டைப் பையிலிருந்து கண்ணாடி விழுகிறது என்று கேட்டுவந்திருக்கிறான். அவர் கண்ணாடிக்கு ஒல்லியான கம்பிக் காது, டியூப் துண்டு அதில் இறுக்கமாக ஏறும், கண்ணாடி கழுத்தில் தொங்கும். அவ்வளவுதான் பொருள். சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் "தம்பி, நீ ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டார். இவன் நூலைத் தூக்கிக் காட்டினான். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜிகினாப் பெட்டிப் பக்கம் போய்விட்டார். அந்த அறையில் இருந்த நல்ல வடிவமைப்பு அதுதான்.

இதில் பாதி வேலை அடுத்த வாரம். செய்ததை வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து என்ன ஆனது என்று கேட்க வேண்டும். பெட்டியில் பாட்டி ஊசிநூல் போட்டுக்கொண்டிருந்தார், தாத்தாவின் கண்ணாடி பழையபடி டிவி மேலேதான். துணிப்பை கட்டிலின் தப்பான பக்கம் தொங்கியது. லோடு ஏற்றும் தாத்தா வேர்வையில் நூல் கழுத்தை அறுக்கிறது என்றார், பையன் நூலுக்குப் பதில் பட்டைத்துணி மாற்றினான். அதனால் ஒரே சனிக்கிழமை என்று திட்டம் போட்டிருந்தால், அதையே ஒரு வார இடைவெளியில் இரண்டு அரைநாளாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக உட்கார வைக்காதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் முக்கால் மணி நேரமே அதிகம். அவர்களுக்குக் கத்தரிக்கோல்கூட வேண்டாம், களிமண்ணும் கிழித்து ஒட்டுவதும் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவதும் போதும். பீப்பி ஊத ஆரம்பித்தால் அந்த வளாகத்தில் வேறு வகுப்பு நடக்காது, தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊரில் பனை இருந்தால் இன்னும் நல்லது. ஓலை முடைகிற ஒரு பாட்டியைக் கூப்பிடுங்கள், வந்துபோகக் காசும் கொடுங்கள், அவரிடம் இலவசமாகக் கேட்காதீர்கள். குருத்தோலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தால் மடித்தால் முறியாது. ஓரம் விரலைக் கீறும், அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் நறுக்கிக் கொடுக்க வேண்டும். காற்றாடியும் கிலுகிலுப்பையும் பாட்டி சொல்லித்தருவார். அதற்கப்புறம் "காத்து இல்லாத வகுப்புக்குள்ளே இது சுத்தணும்" என்று ஒரு தேவையைப் போடுங்கள். ஓடுவார்கள், ஊதுவார்கள், ஃபேன் ஓடினால் அதற்கு நேராகப் பிடிப்பார்கள், பிறகு இறக்கையின் மடிப்பை மாற்றிப் பார்ப்பார்கள்.

கைத்தொழிலைப் பாடத்துக்கு நடுவில் வைப்பது புது யோசனை ஒன்றும் இல்லை. காந்தி 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வி அதுதான். அதற்கு நூறு வருடம் முன்னால், 1837இல், ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் மரக்கட்டைகளும் காகித மடிப்பும் வைத்துத் தொடங்கியதுதான் பிறகு கிண்டர்கார்டன் ஆனது. பள்ளி நிர்வாகம் "இதெல்லாம் படிப்புக்கு உதவுமா?" என்று கேட்டால் இந்த இரண்டு பெயரையும் எடுத்துவிடுங்கள், என் அனுபவத்தில் வேலை செய்கிறது.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் காய்ச்சிய பசை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், நீங்கள் போட வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பசையைப் பாட்டில் மூடியில் ஊற்றி ஐஸ்குச்சியோடு கொடுத்தால் வீணாகாது. தெர்மாகோல் வேண்டாம், உரசினால் உதிரும் உருண்டைகளைக் கூட்டிப் பெருக்கவே அரைநாள் ஆகும். கட்டர் பிளேடும் சூடான பசைத் துப்பாக்கியும் பெரியவர்கள் கையில் மட்டும். நாற்பது பேருக்கு உங்களோடு இன்னும் இரண்டு பெரியவர்களாவது வேண்டும்.

முட்டையை மாடியிலிருந்து உடையாமல் போடும் போட்டியை நிறையப் பேர் சொல்வார்கள். சத்துணவில் முட்டை போடுகிற பள்ளியில் அதைச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

கத்தரிக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முனை மழுங்கினது வேண்டும், ஆனால் வாய் மழுங்கியிருக்கக் கூடாது. வெட்டாத கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் கை வரவில்லை என்று சொல்லக் கூடாது. வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாதே, காகிதத்தைத் திருப்பு என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். இடக்கைப் பிள்ளைகளுக்கு சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டும் கோடே தெரியாது, பிளேடு மறைத்துவிடும். வாராவாரம் பிசிறுபிசிறாக வெட்டுகிற பிள்ளை எந்தக் கையில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

பரிசு வேண்டாம். முதல் பரிசு எப்போதும் ஜிகினாவுக்குத்தான் போகும், அடுத்த முறை எல்லோரும் ஜிகினா கேட்பார்கள். கண்காட்சி வைக்கிறேன், பெற்றோரைக் கூப்பிடுகிறேன் என்றாலும் இதே கதைதான். முந்தின நாள் இரவு அம்மாக்கள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள், பள்ளிக்கூட வாசல் ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேட் எரிமலை விற்றுத் தீர்ந்துவிடும். செய்ததைப் பெயர் எழுதி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், பள்ளி அலமாரியில் பூட்டி வைக்க விடாதீர்கள். சான்றிதழுக்கு அச்சகத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அந்தக் காசுக்குக் கூடுதலாகக் கத்தரிக்கோல் வாங்குங்கள். அதில் இரண்டு இடக்கைக்காரர்களுக்கானதாக இருக்கட்டும். சின்ன ஊர்க் கடைகளில் கிடைக்காது, ஆன்லைனில் இப்போதே ஆர்டர் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.