கேளுங்க சொல்றோம்: ஜார்ஜ் ஹாரிசனோட கிதாரும் பக்தியும்

கேள்வி: இங்கிலாந்து பாட்டுக் குழுவான பீட்டில்ஸ்ல கிதார் வாசிச்ச ஜார்ஜ் ஹாரிசன் பெரிய கிருஷ்ண பக்தர்னு சொல்றாங்களே, நெஜமான பக்தியா, இல்ல அந்தக் காலத்து ஹிப்பி ஃபேஷனா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஃபேஷன்னா ரெண்டு வருஷத்துல கழட்டிப் போட்டிருப்பாருங்க. 1966ல சிதார் கத்துக்க பம்பாய் வந்தாரு, 1968ல பீட்டில்ஸ் நாலு பேரும் ரிஷிகேஷ் போய் மகரிஷி மகேஷ் யோகிகிட்ட தியானம் பண்ணாங்க, அதெல்லாம் பேப்பர்ல பெருசா வந்த சமாச்சாரம். ஆனா அந்தப் பரபரப்பு அடங்கினதுக்கு அப்புறம் 1973ல லண்டன் பக்கத்துல ஒரு பெரிய பங்களாவையே வாங்கி ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானுக்குக் குடுத்தாரு பாருங்க, பக்திவேதாந்த மேனர்னு அது இன்னிக்கும் கோயிலா இருக்கு. 1997ல இவரோட சிதார் குரு ரவிசங்கரோட மந்திர ஆல்பம் ஒண்ணு வந்துச்சே, அத தயாரிச்சதும் இவருதான், அதுல ஒரு பகுதி ரெக்கார்டிங் நம்ம மெட்ராஸ்லயே நடந்துச்சு. முப்பது வருஷம் ஒருத்தர் ஃபேஷனுக்காக மந்திரம் சொல்லிட்டு இருக்க முடியாதுங்க.

எனக்கு மனசுல நின்னது இன்னொரு விஷயம். சிதார் பாடம் நடக்கும்போது போன் அடிச்சிருக்கு, எடுக்கணும்னு எழுந்த ஹாரிசன் சிதார தாண்டிப் போயிட்டாரு, ரவிசங்கர் இவரு கால்லயே பட்டுனு ஒரு அடி வச்சு வாத்தியத்துக்கு மரியாத குடுன்னு சொல்லிட்டாரு. இத ஹாரிசனே பின்னாடி சொல்லிருக்காரு. புஸ்தகத்துல கால் பட்டாக்கூட தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டு வளந்த நமக்கு இது சாதாரணம், லிவர்பூல்ல பொறந்து, ரசிகர்கள் கத்தற கத்துல தான் வாசிக்கறதே தனக்குக் கேக்காம மேடை மேடையா சுத்திட்டிருந்த அந்தப் பையனுக்கு இது எவ்ளோ பெரிய விஷயமா இருந்திருக்கும்.

கேள்வி: அவ்ளோ ஆசையா கத்துக்கிட்ட சிதார அப்புறம் ஏன் விட்டாரு?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சின்ன வயசுலேர்ந்து அதுலயே ஊறினவங்க வாசிக்கறத பாத்தாரும்மா, நம்மால அந்த எடத்துக்குப் போக முடியாதுன்னு அவருக்கே புரிஞ்சிருச்சு, 1968 வாக்குல மறுபடி கிதாருக்கே வந்துட்டாரு. அத தோல்வின்னு நான் சொல்லவே மாட்டேன். ஸ்லைடு கிதார்னு ஒண்ணு, விரல்ல ஒரு குழாய மாட்டி கம்பி மேல வழுக்கிட்டே போறது, ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்குக் குதிக்காம இழைஞ்சு போகும், நம்ம காதுக்கு கமகம் ஞாபகம் வரும். அதுல அவரு வாசிப்பு பாடற மாதிரியே இருக்கும், அந்த இழைவு சிதார் குடுத்ததுதான்னு நான் நம்பறேன்.

1974ல ரவிசங்கர் குழுவோட அமெரிக்கா டூர் போனப்ப வயலின்ல எல்.சுப்ரமணியம், மிருதங்கத்துல டி.வி.கோபாலகிருஷ்ணன் கூட போனாங்க, பழைய பீட்டில்ஸ் பாட்டு கேக்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி நம்ம சங்கீதத்தையும் மரியாதையா உக்கார வச்சாரு.

1970ல வந்த அவரோட மை ஸ்வீட் லார்ட் பாட்டு கேட்டிருப்பீங்க. மெட்டு ஒரு பழைய பாட்டுலேர்ந்து அவருக்கே தெரியாம வந்துருச்சுன்னு 1976ல கோர்ட்டு சொன்னது உண்மைதான், ஆனா அதுல பண்ண வேலை முழுக்க அவரோடது. பின்னாடி பாடறவங்க அல்லேலூயான்னு ஆரம்பிப்பாங்க, கேக்கறவங்க தலையாட்டிட்டு கூடவே பாடுவாங்க, கொஞ்ச நேரத்துல அது ஹரே கிருஷ்ணான்னு மாறிரும், ஆனா வாய் நிக்காது, அப்படி நடக்கணும்னுதான் அவரும் செஞ்சாரு. ரெண்டும் ஒரே சாமிய கூப்பிடறதுதான்னு அவருக்குத் தீர்மானமா இருந்துச்சு. இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு கடைசி வரைக்கும் கேளுங்க, அந்தக் கோரஸ்லயே நாம ஸ்கூல்ல சொன்ன குருர் பிரம்மா குருர் விஷ்ணு வரும்.