ரூய்போஸ் குடித்தால் தொப்பை குறையுமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அம்மா எடை குறைக்க ரூய்போஸ் டீ குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதனால் மட்டும் எடை இறங்கிவிடாது.

ரூய்போஸ் என்பது தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு செடி; அதன் இலையில்தான் இந்த டீ போடுகிறார்கள். அதில் அஸ்பலத்தின் என்ற இயற்கைப் பொருள் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ரூய்போஸ் சாறு கொழுப்பு சேர்வதைக் குறைத்திருக்கிறது. மனித உடம்பில் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயநோய் அபாயம் உள்ள 40 பேர் தினமும் ஆறு கப் வீதம் ஆறு வாரம் குடித்தார்கள். கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்லது கூடியது. இதெல்லாம் ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. இடுப்பில் படிந்திருப்பதோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உண்மையான லாபம் சர்க்கரையில்தான். நம் வீடுகளில் டீ என்றால் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும். நாலு கப் குடித்தால் சர்க்கரை மட்டுமே கிட்டத்தட்ட 130 கலோரி! ரூய்போஸில் கசப்பு குறைவு, காஃபின் கிடையாது. ஒரு பட்டைத் துண்டு போட்டு ஐந்தாறு நிமிடம் ஊறவிட்டால் சர்க்கரை இல்லாமலே நன்றாக இருக்கும்.

அப்புறம், 'ஸ்லிம்மிங் டீ' பாக்கெட்டுகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். பலவற்றில் நிலாவரை இலை இருக்கிறது. அது பேதி மருந்து. தண்ணீரையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றி எடை குறைந்ததுபோல் காட்டும். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.