நான் அமெரிக்காவுல ஜெயிச்ச ஒரே கேஸ்

தம்பி கேட்டது இதுதான். கோயம்புத்தூர்ல லா முடிச்சு ரெண்டு வருஷம் ப்ராக்டிஸ், இப்ப மிட்வெஸ்ட்ல ஒரு யூனிவர்சிட்டில பொலிட்டிக்கல் சயின்ஸ் பிஎச்டிக்கு சீட் கிடைச்சிருக்கு, சட்டம், கோர்ட், அரசியல்னு ஆராய்ச்சி பண்ணப் போறாராம். "அக்கா, பெஸ்ட் தீசிஸ் அவார்டு வாங்கற மாதிரி டாபிக் எப்படி எடுக்கறது, யூனிவர்சிட்டி தர்ற ஸ்டைபண்ட் பணத்துல ரெண்டு பேர் வாழ முடியுமா, குளிர் எப்படி, ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டிருக்க.

ரைஸ் குக்கர் வேண்டாம். இங்க 120 வோல்ட்டு, நம்ம ஊர் குக்கர்ல சோறு வேகறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிரும். பிரஷர் குக்கர் கொண்டு வா, கேஸ்கட் ரெண்டு சேத்து. குளிர் பழகிரும். அதுக்கு இவ்வளவுதான்.

பணத்துக்கு வர்றேன், ஏன்னா இதை யாருமே எனக்கு சொல்லல. ஆஃபர் லெட்டர்ல போட்டிருக்கற தொகை ஒம்பது மாசத்துக்கா பன்னெண்டு மாசத்துக்கான்னு பாரு. பெரும்பாலும் ஒம்பதுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம் கையில காத்து. ட்யூஷன், அதாவது படிப்புக் கட்டணம், தள்ளுபடின்னு போட்டிருப்பாங்க, யூனிவர்சிட்டி தனியா பிடிக்கற ஃபீஸ் தள்ளுபடின்னு போட்டிருக்க மாட்டாங்க, ரெண்டும் வேற வேற, வந்து எறங்கின பெறகு பில் வரும்போதுதான் புரியும். மொத சம்பளம் கைக்கு வர செப்டம்பர் கடைசி ஆகும், அதனால ரெண்டு மாச வாடகை கையில வச்சுக்கிட்டு வா. உன் வீட்டம்மா எஃப்-2ல, அதாவது மாணவரோட கூட வர்ற குடும்பத்துக்கான விசாவுல, வந்தா வேலை பாக்கக் கூடாது, பேங்க் வேலைய விட்டுட்டு வரச் சொல்றதுக்கு முன்னாடி அவங்களக் கேளு, உங்க அம்மாவக் கேக்காத. படிச்சு முடிச்ச பெறகு இங்க தங்கி வேலை பாக்கற அனுமதி, ஓபிடின்னு சொல்லுவாங்க, பன்னெண்டு மாசம்தான், இன்ஜினியரிங் பசங்களுக்கு கிடைக்கற மேல்கொண்டு 24 மாசம் பொலிட்டிக்கல் சயின்ஸுக்கு சாதாரணமா கிடையாது. ஒரே ஒரு நல்ல சேதி, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இருக்கற வரி ஒப்பந்தத்துல ஆர்ட்டிகிள் 21(2)னு ஒண்ணு இருக்கு, அதுபடி இந்திய மாணவங்க ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்துக்கலாம், அதாவது வருமானத்துல ஒரு தொகைய கழிச்சுட்டுத்தான் வரி, மத்த நாட்டுப் பசங்களுக்கு பெரும்பாலும் அது கிடையாது. நான் ரெண்டு வருஷம் தெரியாம விட்டுட்டேன், பெறகு திருத்தி ஃபைல் பண்ணி வாங்கினேன்.

இப்ப அவார்டு. நான் படிச்ச காலத்துல எல்லாரும் வாயப் பொளந்து பாத்தது எட்வர்ட் கார்வின் பேர்ல இருந்த விருதைத்தான். அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயின்ஸ் அசோசியேஷன் பப்ளிக் லாவுல, அதாவது சட்டம், கோர்ட், அரசியல் சேந்த ஆராய்ச்சியில, சிறந்த தீசிஸுக்குக் குடுக்கறது. நீயா அப்ளை பண்ண முடியாது, உன் டிபார்ட்மென்ட் பரிந்துரைக்கணும், அதுக்கே டிபார்ட்மென்ட்டுக்குள்ள உன் பேரு மேல வரணும். இந்த கார்வின் யாருன்னா பிரின்ஸ்டன்ல இருந்த பெரிய அரசியல் சட்ட அறிஞர், ஆனா வக்கீல் கிடையாது, படிச்சது சரித்திரம். 1937ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது ஜட்ஜை பதினஞ்சு வரைக்கும் ஏத்தலாம்னு பிளான் போட்டாரே, அதுக்கு ஆதரவா செனட் கமிட்டி முன்னாடி போய் சாட்சி சொன்னவரு. ஒரு வக்கீலா நீ மொதல்ல மனசுல வாங்க வேண்டியது இதுதான். இந்தத் துறையில உன் சட்ட டிகிரிக்கு ஒரு மரியாதையும் கிடையாது, சொல்லப் போனா அது ஒரு நோய், ரெண்டு வருஷம் ஆகும் குணமாக.

எனக்கு ஆச்சு. நான் ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல நாலு வருஷம் சீனியர் ஆபீஸ்ல கேஸ் கட்டு தூக்கினவ. காலைல அன்னைக்கு வர்ற கேஸோட காஸ் லிஸ்ட் பாத்து ஐட்டம் நம்பர் குறிச்சு வச்சு, சீனியர் வேற கோர்ட்ல இருந்தா எந்திரிச்சு வாய்தா கேட்டு, இப்படி வளந்தவளுக்கு தீர்ப்புன்னா வேதம். 2009 ஆகஸ்ட்ல விஸ்கான்சின் வந்தேன். மொத செமினாருக்கு, அரசியல் சட்டத்தோட அடிப்படைக் கட்டமைப்ப பார்லிமென்ட் மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி கேஸ் பத்தி 42 பக்கம் எழுதினேன். 13 ஜட்ஜ், 68 நாள் வாதம், 7க்கு 6னு தீர்ப்பு, யாரு எந்த பக்கத்துல என்ன சொன்னாங்கன்னு பிச்சு வச்சிட்டேன், அடிக்குறிப்பே இருநூத்துக்கு மேல. பேப்பர் திரும்பி வந்தப்ப கடைசிப் பக்கத்துல ப்ரொஃபசர் பென்சில்ல எழுதின ஒரே வரி. "நல்லா இருக்கு, ஆனா இதுல பஸில் எங்க?" அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்ல மைனஸ் இருவதுல அழுதேன், கண்ணுத் தண்ணி இமையில உறைஞ்சு ஒட்டிக்கிச்சு, அதப் பாத்து ஒரு கொரியப் பொண்ணு கைக்குட்டை குடுத்துச்சு, அது இன்னும் எனக்கு ஃப்ரெண்டு.

பஸில்னா என்னன்னு எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு, உனக்கு ஒரு பத்தியில சொல்றேன். 1954ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பள்ளிக்கூடத்துல நிறம் பாத்துப் பிரிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. பிரவுன் கேஸ், நீ லா காலேஜ்லயே படிச்சிருப்ப, நம்ம எல்லாம் அதை மனப்பாடம் பண்ணி கைதட்டினோம். ஜெரால்ட் ரோசன்பர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் கைதட்டல, எண்ணிப் பாத்தார். பத்து வருஷம் கழிச்சு, தெற்குல இருக்கற 11 மாநிலத்துல வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட சேந்து படிச்ச கறுப்பினப் பிள்ளைங்க நூத்துக்கு ஒண்ணே கால் கூட இல்ல. 1964ல காங்கிரஸ், அதாவது இவங்க பார்லிமென்ட், சட்டம் போட்டு, பெறகு மத்திய அரசு காசு கட் ஆகும்னு பயம் வந்த அப்புறம்தான் நம்பர் ஏறிச்சு. அப்ப கோர்ட் என்னதான் செஞ்சது? இதுதான் பஸில். அவர் சொன்ன பதிலை ஒத்துக்காதவங்க நிறைய பேர், இன்னைக்கும் சண்டை ஓடுது, ஆனா கேள்விய யாரும் தள்ள முடியல.

இன்னொன்னு. உன்னை இங்க வந்த மொத வாரமே "இந்தியா ஆளு" ஆக்கிருவாங்க. இந்தியாவுல ஜட்ஜுங்களே ஜட்ஜை தேர்ந்தெடுக்கற கொலீஜியம்னா என்ன, அதுக்குப் பதிலா கொண்டு வந்த என்ஜேஏசி கமிஷன 2015ல ஏன் ரத்து பண்ணாங்கன்னு கேப்பாங்க, நீ விளக்குவ, எல்லாரும் "வெரி இன்ட்ரஸ்டிங்" சொல்லுவாங்க, வேலை குடுக்க மாட்டாங்க. இந்தியா பத்தி எழுதாதன்னு சொல்லல. சார்லஸ் எப்னு ஒரு ஆராய்ச்சியாளர் விஸ்கான்சின்ல பிஎச்டி பண்ணவர், 1998ல அவர் புத்தகம் வந்துச்சு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, இந்தியா நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, உரிமைகள் காகிதத்துல இருந்தாப் போதாது, வருஷக்கணக்கா கேஸ் நடத்த வக்கீலும் அமைப்பும் காசும் வேணும், அது இருக்கற எடத்துலதான் உரிமைப் புரட்சி நின்னுச்சுன்னு காட்டினார். எமர்ஜென்சிக்கு அப்புறம் நம்ம சுப்ரீம் கோர்ட் அவ்வளவு தாராளமா தீர்ப்பு குடுத்தும் ஏன் அது கீழ வரைக்கும் எறங்கலங்கறதுக்கு, நாலு வருஷம் பெஞ்ச்ல நின்ன எனக்கு அந்த பதில் சுருக்குனு பட்டுச்சு. அதுல இந்தியா ஒரு கேள்விக்கு வேலை செய்யுது. உன் தீசிஸ்லயும் இந்தியா வேலை செய்யணும், விருந்தாளியா வந்து உக்காரக் கூடாது.

என் கேள்வி எனக்கு எங்க கிடைச்சதுன்னா, லைப்ரரியில இல்ல, வீட்டு ஓனர் கிட்ட.

2010 மே மாசம் வீடு காலி பண்ணேன். அட்வான்ஸ், இங்க செக்யூரிட்டி டெபாசிட்னு சொல்லுவாங்க, 550 டாலர். விஸ்கான்சின்ல 21 நாளுக்குள்ள திருப்பித் தரணும், பிடிச்சா எதுக்கு பிடிச்சோம்னு எழுத்துல தரணும். எங்காளு கார்ப்பெட் அழுக்குன்னு வாயால சொல்லிட்டு மொத்தத்தையும் முழுங்கிட்டார். அந்த ஊர்ல இருந்த நம்ம ஆளுங்க கிட்ட சொன்னேன், எல்லாம் ஐடி அண்ணனுங்க, பொங்கல் விழாவுல என்னைப் பாத்து "பாலிடிக்ஸ்ல டாக்டரா, எந்த கட்சிம்மா?"ன்னு சிரிச்ச கூட்டம், ஒருத்தர் விடாம சொன்னது, "விசால இருக்க, கோர்ட்டு கேஸ்னு போகாத, 550 போனா போகட்டும்." அந்த 550 எனக்கு ஜூன் மாசச் சோறு. சட்டப்படி இருக்கற யாரும் சிவில் கேஸ் போடலாம், விசாவுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ஆனா நம்ம ஆளுங்களுக்கு வெள்ளைக்கார ஊர்ல குனிஞ்சு நடக்கறதுதான் புத்திசாலித்தனம்னு ஒரு நெனப்பு. இருவது வருஷம் ஆனாலும் மாறாது.

விஸ்கான்சின்ல ஒரு அழகான விஷயம் இருக்கு, சிசிஏபின்னு சொல்லுவாங்க, கீழ் கோர்ட் கேஸ் விவரமெல்லாம் நெட்ல இலவசம், பேர் போட்டா வரும். (ஃபெடரல், அதாவது மத்திய அரசு, கோர்ட்டுக்கு பேசர்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துக்கு பத்து சென்ட், பொது மக்களோட கோர்ட் ரெக்கார்டுக்கு மீட்டர் போட்ட நாடு இது, தீசிஸ் எழுதும்போது அதுல நான் அழுத காசுக்கு நம்ம ஊர் கோர்ட் வெப்சைட் ஈகோர்ட்ஸ கோயில்ல வச்சுக் கும்பிடலாம்.) எங்க ஓனர் பேர போட்டேன். ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதாவது சின்னத் தொகை கேஸ் கோர்ட்ல, வரிசையா வந்து நிக்குது, பாதி டெபாசிட், பாதி வீட்ட காலி பண்ண வைக்கற கேஸ். அதே சிசிஏபியில இப்ப ஐடி அண்ணனுங்க மாப்பிள்ளை பாக்கறப்ப பையன் பேர போட்டு குடிச்சிட்டு வண்டி ஓட்டினானான்னு பாக்கறாங்க, எனக்குத்தான் ஃபோன் வரும், அதுல வந்திருக்கற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு. நான் இங்க வக்கீல் இல்ல அண்ணேன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

கேஸ் போட்டேன், நானே வாதாடினேன். சின்ன ரூம், கோட்டு கிடையாது, டவாலி கிடையாது, ஜட்ஜுக்குப் பதிலா கோர்ட் கமிஷனர் ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கார். பழக்க தோஷத்துல "மை லார்ட்"னு ஆரம்பிச்சிட்டேன். அவர் சிரிக்காம, "இங்க அந்த அளவுக்கு யாரும் இல்லம்மா"ன்னார். ஏழு நிமிஷம். சட்டத்துல இதுக்கு ரெட்டிப்பு நஷ்டஈடு உண்டு, 1,100 டாலருக்கு ஆர்டர். மதுரையில நாலு வருஷத்துல நான் தனியா ஜெயிச்ச கேஸ்னு எதுவும் கிடையாது, இங்க ஏழு நிமிஷத்துல. வெளிய வந்தா காரிடார்ல என்னை மாதிரியே பத்து பேர், பாதி பேர் ஸ்டூடன்ட்டு, கைக்குழந்தையோட ரெண்டு பொம்பளைங்க. கதவுல அந்த பிராஞ்ச் ஜட்ஜோட பேர். அந்தப் பேரை எங்கயோ பாத்திருக்கோமேன்னு யோசிச்சுக்கிட்டே பஸ் ஏறினேன். எங்க தெரு புல்வெளில குத்தி வச்சிருந்த போர்டு! "ஜட்ஜுக்கு ஓட்டு போடுங்க"ன்னு.

நம்ம ஊர்ல ஜட்ஜ் வர்றாருன்னா காரிடார்ல ஒதுங்கி நிப்போம். இங்க ஜட்ஜ் வந்து வாசல்ல ஓட்டு கேக்கறார். விஸ்கான்சின்ல கீழ் கோர்ட் ஜட்ஜுக்கு ஆறு வருஷம், மாநில சுப்ரீம் கோர்ட்ல ஏழு பேருக்கு தலா பத்து வருஷம், ஏப்ரல் மாசம் எலக்‌ஷன். அப்ப பஸ்ஸுல உக்காந்து தோணினது இதுதான், அந்த காரிடார்ல நின்னவங்கள்ல எத்தனை பேர் இந்த ஜட்ஜுக்கு ஓட்டு போடப் போறாங்க? ஸ்டூடன்ட்டு மே மாசம் ஊரக் காலி பண்ணுவான், என்னை மாதிரி ஆளுக்கு ஓட்டே கிடையாது, வாடகைக்கு இருக்கறவன் அட்ரஸ் வருஷா வருஷம் மாறும். ஓனர் மாற மாட்டான். பென்சில்ல கேட்டாரே, பஸில் எங்கன்னு. இந்தா.

அடுத்த ஏப்ரல், 2011, மாநில சுப்ரீம் கோர்ட் சீட்டுக்கு பிராசர், குளோப்பன்பர்க் ரெண்டு பேர். கவர்னர் வாக்கர் அரசு ஊழியர் சங்கங்களோட பேரம் பேசற உரிமைய வெட்டினதுக்கு ஊரே கேப்பிடல்ல, அதாவது சட்டசபைக் கட்டடத்துல, படுத்திருந்த சமயம், அதனால பேருக்குத்தான் கட்சி இல்லாத எலக்‌ஷன், வாக்கருக்கு ஆமாவா இல்லையான்னு மாறிப்போச்சு. பதினஞ்சு லட்சம் ஓட்டு. மொத கணக்குல குளோப்பன்பர்க் 204 ஓட்டுல முன்னாடி. ரெண்டு நாள் கழிச்சு வாக்கெஷா கவுன்டி கிளார்க் அம்மா வந்து, புரூக்ஃபீல்டுங்கற ஒரு ஊரோட பதினாலாயிரத்துக்கு மேல ஓட்டு கணக்குல சேக்க விட்டுப்போச்சுங்கறாங்க. மறு எண்ணிக்கை முடிஞ்சு பிராசர் ஏழாயிரம் சொச்சம் ஓட்டுல ஜெயிச்சார். எனக்கு சின்ன வயசுல உசிலம்பட்டி எலக்‌ஷன் பாத்த ஞாபகம்தான் வந்துச்சு. மாடிசன் கேப்பிடல்ல சுப்ரீம் கோர்ட் ஹாலுக்கு யாரு வேணா போய் உக்காரலாம், பாஸ் கிடையாது. செவத்துல நாலு பெரிய ஓவியம், அதுல ஒண்ணு 1830ல மெனோமினி பழங்குடித் தலைவர் ஆஷ்காஷ் மேல நடந்த கேஸ், எங்க மக்களுக்குள்ள எங்க வழக்கம்தான் சட்டம்னு சொல்லி விடுதலை ஆனவர். அந்த ஓவியத்துக்கு அடியில உக்காந்து எத்தனையோ நாள் நோட்ஸ் எடுத்திருக்கேன், தயிர்சாத டப்பா பைக்குள்ள.

அவார்டு கேட்டியே. மூணாவது வருஷம் ஒரு பேப்பருக்கு 500 டாலர் பரிசு வந்துச்சு, வெளிநாட்டு ஆளுன்னு 30 சதவீதம் பிடிச்சு 350 கைல குடுத்தாங்க. தீசிஸ டிபார்ட்மென்ட் பரிந்துரைச்சது, கிடைக்கல. அந்த வருஷம் வாங்கின ஆளோட தீசிஸப் படிச்சேன், என்னோடதை விட நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாள் கோவப்பட்டேன் அப்புறம் மூணாவது நாள் அதை என் கிளாஸ்ல பாடமா வச்சேன்.

ஆமா, மிட்வெஸ்ட்னு சொன்ன, எந்த ஸ்டேட்னு சொல்லவே இல்லையே. இல்லினாய்ஸ்னா ஜட்ஜு மொதல்ல கட்சி பேரோட நிப்பாங்க. அயோவான்னா நியமனம்தான், ஆனா அப்பப்ப இருக்கட்டுமா வேணாமான்னு மக்கள் ஓட்டு போடணும், 2010ல ஒரே பாலினத் திருமணத் தீர்ப்புக்காக மூணு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. அயோவான்னா சொல்லு, நான் சொன்ன கொரியப் பொண்ணு இப்ப அங்கதான் இருக்கா, ரைஸ் குக்கர் ரெண்டு வச்சிருக்கா, ஒண்ணு கேட்டுத் தர்றேன்.