வெள்ளித் தோட்டா – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். இருளுலகிலிருந்து வரும் அசுரனை நாயகி வெள்ளித் தோட்டாக்களால் வேட்டையாடுகிறாள். படித்த நண்பர்கள் ‘அசுரன் பயமாகவே இல்லை’ என்கிறார்கள். அவனுக்கு இன்னும் சக்தி கூட்டலாமா? ரத்தம் குடிப்பவனை வேம்பயர் என்பதா, காட்டேரி என்பதா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காட்டேரியா வேம்பயரா என்பதை உங்கள் காதிடம் கேளுங்கள், அது சொல்லும்.

உங்களுக்கு மொழி வாய்த்திருக்கிறது. ஊளையிட்டுக்கொண்டிருந்த நாய்கள் சட்டென்று அடங்கும் அந்த ஒரு வரியில் முதுகு சில்லிட்டது. அதற்கப்புறம் கொம்புக்கு ஒரு பக்கம், கண்ணுக்கு ஒரு பக்கம் என்று செலவழித்திருக்கிறீர்களே, யாருக்காக? கொம்பை எண்ணிப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

இரணியனை நினைத்துப் பாருங்கள். பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை. அவன் தோளின் அகலம் யாருக்கு நினைவிருக்கிறது? அந்த வரத்தில் எங்கே ஓட்டை என்று தெரியாததுதான் பயம். அந்தி, வாசற்படி, நரசிம்மம் என்று விடை வரும்போதும் வரம் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றப்படுகிறது. நீங்களோ எட்டாம் பக்கத்தில் ‘வெள்ளி பட்டால் சாவான்’ என்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் அவள் பையில் பத்து வெள்ளித் தோட்டா! சக்தியைக் கூட்டினால் பத்து இருபதாகும், வேறென்ன?

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) பகலில் நடமாடுவான். வெயிலில் மடிவதெல்லாம் 1922-இல் வந்த ‘நாஸ்ஃபெராட்டு’ படம் செய்த வேலை. நாவலில் அவனைக் கட்டிப்போடுவது சொந்த மண், அதில் படுத்துத்தான் இளைப்பாறுவான். 50 பெட்டி மண்ணோடு இங்கிலாந்துக்கு வருகிறான். வேட்டையாடுபவர்கள் 49 பெட்டிகளைத் தேடிப்பிடித்து உதவாமல் ஆக்குகிறார்கள். மிஞ்சிய ஒன்றில் தப்பிவிடுகிறான். அந்த ஒரு பெட்டிதான் கதையின் பிற்பகுதியையே இழுத்துப் போகிறது.

இனி உங்கள் தோட்டாவுக்கு வருகிறேன். நாயகி முகாம் நெருப்பில் இரும்புக் கரண்டியை வைத்து வெள்ளியை உருக்குகிறாள். உருகாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் இளகிவிடும், வெள்ளிக்கு 962 வேண்டும். உலை, துருத்தி, மூசை என்னும் உருக்குக் கிண்ணம், கரி எல்லாம் வேண்டும். உருக்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். உருகிய வெள்ளி காற்றிலிருந்து ஆக்சிஜனைக் குடிக்கும், உறையும்போது துப்பும். மேலே கரித்தூள் போர்த்தாமல் விட்டால் தோட்டாவுக்குள் குமிழி விழும். ஆறும்போது ஈயத்தைவிட அதிகம் சுருங்குவதால், ஈயத்துக்குச் செய்த அச்சில் வார்த்த தோட்டா குழலில் லொடலொடக்கும். ஈயத்தைவிடக் கடினமும்கூட, குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் உட்புரிகளில் சரியாகப் பதியாது, குறி தவறும். அச்சைக் கொஞ்சம் பெரிதாகக் குடைய வேண்டும், வார்த்த பின் ஒவ்வொன்றாக அரத்தால் ராவ வேண்டும். விடிவதற்குள் மூன்று தேறினால் அவள் கெட்டிக்காரி.

துருத்திச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். அசுரனுக்கும் கேட்கும். இதை விட்டுவிட்டா கொம்பை வருணித்துக்கொண்டிருந்தீர்கள்?

வீடியோ விளையாட்டு செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2015-இல் வந்த ‘பிளட்போர்ன்’ ஆட்டத்தில் சாதாரணமாக 20 பாதரசத் தோட்டாக்களைத்தான் சுமக்கலாம். தீர்ந்தால் வேட்டைக்காரன் தன் ரத்தத்தைக் கொடுத்து 5 செய்துகொள்ளலாம், உயிரளவு அந்தக் கணமே சரியும். எதிரே மிருகம் பாய்ந்து வரும்போது அந்தப் பொத்தானை அழுத்த விரல் தயங்கும்.

சக்தி கூட்டலாமா என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? வேண்டாம். பத்துத் தோட்டாவில் ஏழைப் பிடுங்கிவிட்டு ஒன்பதாம் பக்கத்தை மறுபடி எழுதுங்கள். நாய்கள் அடங்கும் வரியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.