வாசகர் கேள்வி: பூத் வாரி வாக்குகளை ஆராய்வது எப்படி?

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் எங்கள் தொகுதியில் வாக்குகள் எப்படி இடம் மாறின என்று பூத் வாரியாக ஆராய வேண்டும். எங்கே தொடங்குவது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: படிவம் 20-இல் தொடங்குங்கள். எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் ஸ்கேன் செய்த தாள் என்பதால், அதிலிருந்து எண்களை எடுக்கும் மென்பொருள் 3-ஐ 8 என்று படித்துவிடும். எக்செலில் ஏற்றியதும் குறுக்கே கூட்டி மொத்தப் பத்தியோடு ஒப்பிடுங்கள். பிறகு மேலிருந்து கீழாகவும் கூட்டுங்கள். இடிக்கிற வரியைத் தாளைப் பார்த்துத் திருத்துங்கள்.

பலர் சறுக்குவது சாவடி எண்ணில்தான். கொரோனாவால் 2021-இல் ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்தார்கள். பல சாவடிகள் பிரிந்து எண்களும் மாறின; மாநிலத்தில் சாவடிகள் 88,000-ஐத் தாண்டின. 2016-இன் 45-ஆம் சாவடியை 2021-இன் 45-ஆம் சாவடியோடு அப்படியே ஒப்பிட்டால், நடக்காத மாற்றமெல்லாம் நடந்ததுபோலத் தெரியும். இரண்டு ஆண்டுகளின் வாக்குச்சாவடிப் பட்டியல்களையும் எடுத்து, தெருப் பெயர்களை வைத்துப் பொருத்துங்கள். ஒரே பள்ளிக் கட்டடத்தில் இருந்தவற்றைக் கூட்டி ஒரே அலகாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம், பிழையும் குறையும்.

தபால் வாக்குகள் கடைசியில் தனி வரியாக வரும். எந்தச் சாவடியிலும் சேர்க்காதீர்கள், விட்டுவிடவும் வேண்டாம். 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசமே 49 வாக்குகள்தான். தபால் வாக்குகளை நிராகரித்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஒரு சமூகத்தார் அதிகம் வாழும் பகுதியில் ஒரு கட்சி முந்தியது என்பதால், அந்தச் சமூகத்தாரே அதற்கு வாக்களித்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. சாவடிக் கணக்கு தனி மனிதரின் வாக்கைச் சொல்லாது. அதற்குக் கள ஆய்வு வேண்டும். ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடி உள்ள ஊர் உங்கள் தொகுதியில் இருந்தால் விடாதீர்கள். ஒரே தெருக்களின் ஆண் வாக்கும் பெண் வாக்கும் தனித்தனியே கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: 2006 தேர்தலையும் சேர்க்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். தொகுதி மறுவரையறை 2008-இல் வந்தது. சட்டமன்றத்துக்கு 2011-தான் புதிய எல்லையில் முதல் தேர்தல். பெயர் மாறாத தொகுதியிலும் ஊர்கள் மாறியிருக்கும். 2011-இலிருந்து தொடங்குங்கள்.